மூன்றரை வயது அன்பர்கள் பள்ளி செல்லும் முறை

வரும் ஜூனில் பள்ளியில் சேரவிருக்கும் அன்பர்களுக்கு வணக்கம். தங்களுக்கு இன்னும் படிக்கத் தெரியாது என்பதால் வீட்டில் யாரையாவது இதைப் படித்துக் காட்டச் சொல்லவும். படிக்கிறவர் நடுவில் எதையாவது விழுங்கினால், அந்த இடத்தில் அவரைப் பற்றி எழுதியிருக்கிறது என்று அறியவும். இங்குள்ள குறிப்புகள் யாவும் இத்துறையில் ஓராண்டு அனுபவம் பெற்று யு.கே.ஜி.க்கு உயர்ந்தவர்களிடம் கேட்டு எழுதியவை.

முதலில் தகுதி. தங்கள் தாத்தா காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொட்டுக் காட்ட வேண்டும். எட்டினால் ஒன்றாம் வகுப்பு, எட்டாவிட்டால் அடுத்த வருஷம். பிறந்த தேதி தெரியாவிட்டால் ஹெட்மாஸ்டரே தோதாக ஒன்றை எழுதிக்கொள்வார். அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் சான்றிதழில் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருப்பது இப்படித்தான். இப்போது முறை மாறிவிட்டது. தங்கள் காதை விட்டுவிட்டு அப்பாவின் பர்ஸைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

சேர்ப்பதற்கு முன் தங்களை ஓர் அறையில் உட்கார வைத்து 'வாட் இஸ் யுவர் நேம்?' என்பார்கள். இது இன்டர்வியூ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, 'இன்டராக்‌ஷன்'. பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்த்துச் சேர்ப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்தச் சட்டம் குழந்தை என்று சொல்வது ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ளவர்களை. தங்களுக்கு மூன்றரை. ஆகவே பெயரைக் கேட்டால் சொல்லிவிடுவது நல்லது. அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டால் 'ஷை' என்று குறித்துக்கொள்வார்கள். மேஜையில் இருக்கும் பேப்பர் வெயிட்டை எடுத்து உருட்டினால் 'ஹைப்பர்'. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் இருப்பதாகக் கேள்வி. யு.கே.ஜி. அன்பர்கள் யாரும் பார்த்ததில்லை.

சென்ற விஜயதசமிக்குத் தங்களை யாராவது மடியில் உட்கார்த்தி, தாம்பாளத்து நெல்லில் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்திருப்பார்கள். கூத்தனூர் சரஸ்வதி கோயில் வரை அழைத்துப் போயிருந்தாலும் சரி, அந்த 'அ' கணக்கில் வராது. பள்ளியில் எழுத்துக்கு முன்னால் கோடு. நிற்பது ஸ்டாண்டிங் லைன், படுத்திருப்பது ஸ்லீப்பிங் லைன், சாய்ந்தது ஸ்லாண்டிங் லைன். யோசித்தால் நியாயம்தான். 'அ' என்பது சுழித்து, வளைத்து, இழுத்து, கடைசியில் ஒரு கோடும் போட வேண்டிய எழுத்து. 'ட' என்றால் நிற்கிற கோடு ஒன்று, படுத்த கோடு ஒன்று, வேலை முடிந்தது. இன்னொரு நிற்கிற கோடு சேர்த்தால் 'ப'. விவரமான டீச்சர்கள் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். 247 எழுத்தையும் ஒப்பிக்கச் சொல்லும் மாமா ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். 'ஔ'வுக்கு ஔவையாரைத் தவிர இன்னொன்று சொல்லுங்கள் என்று அவரிடம் கேளுங்கள், அடங்கிவிடுவார்.

அடுத்து அழுகை. இதில் அவசரம் கூடாது. முதல் நாள் பலர் அழுவதே இல்லை. புதுப் பை, புது ஷூ, கழுத்தில் ஐடி கார்டு, எங்கோ ஊருக்குப் போகிற நினைப்பு. பெற்றோரும் 'எங்க புள்ள அழவே இல்லீங்க' என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிடும். இரண்டாம் நாள் காலையில், அதே ஷூவை மறுபடி மாட்டும்போதுதான் விஷயம் புரியும்: இது தினமும் நடக்கப்போகிறது. அசல் அழுகை அன்றைக்குத்தான். ஆகவே சக்தியைச் சேமித்து வையுங்கள்.

கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடிக்கவும். ஆயாம்மா ஒரு கை விரல்களைப் பிரிக்கும்போது மறு கையை இறுக்கவும். அவர் எத்தனையோ ஜூன் மாதங்களைப் பார்த்தவர், அலட்டிக்கொள்ள மாட்டார். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு 'அந்தா பாரு காக்கா' என்பார். காக்கா இருக்கும். பார்த்துவிடாதீர்கள், பார்த்தால் தோற்றீர்கள். வகுப்புக்குள் ஒருவர் 'அம்மா' என்று தொடங்கினால் அத்தனை பேருக்கும் அவரவர் அம்மா நினைவு வரும். மிஸ் உடனே ரைம்ஸ் பாடுவார். அழுதுகொண்டே கைதட்டலாம், தடையில்லை. ஜன்னலுக்கு வெளியே மரத்துக்குப் பின்னால் ஒரு துப்பட்டா நுனி தெரிந்தால் அது தங்கள் அம்மா. அவரும் அழுதுகொண்டிருப்பார். அவரை வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். அவர் நிற்கிறவரை தங்கள் அழுகை நிற்காது என்பது ஆயாம்மாவின் தீர்ப்பு, அதற்கு அப்பீல் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் சரியாகிவிடும். திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து.

அழுது முடித்ததும் அட்டெண்டன்ஸ். வீட்டில் தங்களைப் பாப்பு, அம்மு, குட்டிப்பையா என்பார்கள். ரிஜிஸ்டரில் தன்யஸ்ரீ என்று ஒருவர் இருப்பார். மிஸ் மூன்று தரம் கூப்பிட்டும் அவர் எழுந்திருக்க மாட்டார். அது வேறு யாரும் இல்லை, தாங்கள்தான். 'பிரசன்ட் மிஸ்' என்று சொல்லவும். அரசுப் பள்ளியென்றால் 'உள்ளேன் ஐயா', டீச்சர் அம்மாவாக இருந்தாலும் சில ஊர்களில் அதே 'ஐயா'தான். வகுப்பில் இன்னும் இரண்டு தன்யஸ்ரீ இருப்பார்கள் என்பதால் இன்ஷியலையும் சேர்த்துப் பாடம் பண்ணிக்கொள்ளுங்கள்.

இனி முக்கியப் பாடம். வீட்டில் ஒண்ணுக்கு வந்தால் போவீர்கள். இங்கே வந்தால் கேட்க வேண்டும். சுண்டு விரலைக் காட்டினால் ஒன்று. இரண்டு விரல் என்றால் பெரிய காரியம். சில பள்ளிகளில் விரல் செல்லாது. எழுந்து நின்று 'மிஸ், மே ஐ கோ டு ரெஸ்ட்ரூம்?' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். தங்கள் வாழ்வின் முதல் முழு ஆங்கில வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். அதை முடிப்பதற்குள் காரியம் நடந்துவிடுவதும் உண்டு. பையில் மாற்று ஜட்டி வைத்திருப்பது அதற்காகத்தான். ஒருவர் கேட்டால் உடனே ஒன்பது பேருக்கு வரும். 'இப்பத்தானே போயிட்டு வந்தே?' என்பார் மிஸ். மூன்றரை வயதில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

படித்துக் காட்டுகிறவருக்கு இங்கே ஒரு வார்த்தை, கிண்டல் இல்லாமல். தண்ணீர் பாட்டில் காலையில் போன அளவிலேயே மாலையில் திரும்பி வந்தால், பிள்ளை தாகமில்லாமல் இருந்தது என்று நினைக்காதீர்கள். பள்ளிக் கழிவறைக்குப் போகப் பயந்துகொண்டு குடிக்காமல் இருந்திருக்கலாம். நேரே போய் அந்தக் கதவைத் திறந்து பாருங்கள். தாழ்ப்பாள் எட்டுகிறதா, விளக்கு எரிகிறதா, தண்ணீர் வருகிறதா. ஸ்மார்ட் போர்டைப் பிறகு பார்க்கலாம்.

தாமதமாகப் போவது பற்றி. சென்னை மாகாணத்தில் பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று கவர்னர் மன்றோ கேட்டதற்கு 1823இல் பெல்லாரி கலெக்டர் கேம்பெல் எழுதி அனுப்பிய பதிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருகிறவன் கையில் ஒரு பூஜ்யம்: பாராட்டும் இல்லை, குற்றமும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்கப்புறம் ஆளுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். கடைசியாக வந்தவன் வாய்ப்பாட்டில் கெட்டிக்காரனாகியிருப்பான். இப்போது அந்த 2009 சட்டத்தின் 17ஆம் பிரிவு, அதே ஆறு முதல் பதினான்கு வயதினரை அடிப்பதையும், மனம் நோகத் துன்புறுத்துவதையும் தடை செய்துவிட்டது. தாமதமானால் டயரியில் குறிப்பு வரும். அது தங்களுக்கு அல்ல, வேன் வருவதற்குள் தோசை வார்க்க முடியாதவர்களுக்கு.

வகுப்பில் மிஸ்ஸுக்கு அடுத்த அதிகாரம் கிளாஸ் லீடர். வயதில் தங்களைவிட நான்கு மாதம் பெரியவர். உடுப்பில் பேட்ஜ் குத்தியிருப்பார். மிஸ் வெளியே போனதும் பேசுகிறவர்கள் பெயரைக் கத்துவார், ஏனென்றால் எழுதத் தெரியாது. இந்தப் பதவியை வெள்ளைக்காரன் கொண்டுவந்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. அவன் இங்கிருந்து கொண்டுபோனான் என்பதுதான் விஷயம். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை பழைய ஆள். 1789இல் சென்னை எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் விடுதி வாத்தியார்கள் மணலுக்கு மசியவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் சின்ன வகுப்பை ஒப்படைத்தார். பையன் சாதித்துவிட்டான். 1797இல் பெல் அதைப் புத்தகமாக லண்டனில் அச்சிட, 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகள் எடுத்துக்கொண்டன. ஆகவே லீடர் தங்கள் பெயரைக் கத்தும்போது கோபப்பட வேண்டாம். அவர் ஏற்றுமதித் தரம். ஒரு பிஸ்கட் கொடுத்தால் பெயர் மறந்துவிடும். இதுவும் முதல் வாரத்திலேயே கற்கிற பாடம்தான், பாடத்திட்டத்தில் இல்லை என்றாலும்.

நட்புகளைப் பொறுத்தவரை சட்டம் எளிது. கா விட்டால் பேசக் கூடாது. பழம் விட்டால் பேசலாம். இரண்டுக்கும் நடுவே கால் மணி நேரம் போதும். பெரியவர்கள் பாகப்பிரிவினையில் விட்ட காவை முப்பது வருஷம் வைத்திருப்பார்கள், அதைப் பார்த்துக் கெட்டுப்போக வேண்டாம். ரப்பர் கடன் கொடுத்தால் திரும்பி வராது. மயிலிறகைப் புத்தகத்தில் வைத்தால் குட்டி போடும் என்று யு.கே.ஜி. அன்பர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். மறுப்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேரும் அன்பர்களுக்குத் தனிக் குறிப்பு. தங்கள் முதல் பாடம் சாப்பாடு. 1920இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராசர், 1982இல் எம்.ஜி.ஆர். என்று வளர்ந்து வந்த மதிய உணவு போக, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவும் இப்போது உண்டு. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் உட்காரவும். பக்கத்தில் யார் என்பதைத் தாங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. நம் ஊர்ப் பந்திகளில் யாருக்குப் பக்கத்தில் யார் என்பதைப் பெரியவர்கள் காலகாலமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வந்திருக்கிறார்கள். சமைத்தவர் யார் என்று விசாரித்துவிட்டுப் பிள்ளையைச் சாப்பிட வேண்டாம் என்று தடுத்த பெற்றோரும் இந்த மாநிலத்தில் உண்டு, செய்தித்தாளில் வந்தது. தட்டை நீட்டிய பிள்ளை எதுவும் விசாரிப்பதில்லை. 247 எழுத்தும் சேர்ந்து வந்தாலும் இந்த ஒரு பாடத்துக்கு ஈடாகாது என்பது என் கட்சி.

வீடு திரும்பியதும் ஒரு சிக்கல் காத்திருக்கும். 'இன்னைக்கு ஸ்கூல்ல என்ன சொல்லிக் கொடுத்தாங்க?' என்று அம்மா, அப்பா, பாட்டி, வீடியோ காலில் சித்தி என்று எல்லோரும் கேட்பார்கள். 'ஒண்ணுமில்ல' என்று சொல்லவும். எல்லோருக்கும் இதே பதில். பிறகு இரவு விளக்கை அணைத்ததும், 'மிஸ்ஸுக்குக் கோவம் வந்தா கண்ணாடியக் கழட்டுவாங்க' என்று ஆரம்பிக்கலாம். தூக்கம் தள்ளிப்போகும்.

சனிக்கிழமை தாங்கள் தலையணைகளை வரிசையாகச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, பாட்டியின் துண்டைச் சேலையாகச் சுற்றிக்கொண்டு பாடம் நடத்துவீர்கள். தாராளமாக நடத்துங்கள். ஆனால் எச்சரிக்கை: வீட்டில் விவரம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் கதவோரம் நின்று பார்ப்பார். கரடி பொம்மைக்குத் தாங்கள் மறுபடி மறுபடி சொல்லிக் கொடுத்தால் தங்கள் மிஸ் பொறுமைசாலி. தலையணைக்கு ஸ்கேலால் ஓர் அடி விழுந்து, 'வாய மூடு, முட்டி போடு' என்று குரலும் வந்தால், அந்த வார்த்தைகளைத் தாங்கள் வீட்டில் கற்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் திங்கட்கிழமை பள்ளிக்குப் போய், அந்த அடியைப் பற்றி மரியாதையாகப் பேசிவிட்டு வர வேண்டும். 'எங்க காலத்துல நாங்க வாங்காத அடியா' என்று அவர் சிரித்துவிட்டுப் போனால், தங்கள் கெட்ட காலம்.

தங்களுக்கான குறிப்புகள் முடிந்தன, விளையாடப் போகலாம். படித்துக் காட்டியவர் மட்டும் இருக்கவும். உங்களிடம் ஒரே வேண்டுகோள். எல்.கே.ஜி. பன்னிரண்டரைக்கு விடுகிறார்கள். பன்னிரண்டு இருபத்தைந்துக்கே கேட்டில் நில்லுங்கள். டிராஃபிக் என்பது மூன்றரை வயதுக்குத் தெரியாது.