கைக்கு ஒரு குளிர்காலம்

2003 செப்டம்பரில் பாஸ்டனுக்குத் தெற்கே, குவின்சியில் ஒரு வீட்டின் மாடியில் குடியேறினேன். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர். ஃபோர் ரிவர் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். 1986-இல் தளத்தை மூடியபோது வேலையும் போனது. மனைவி இறந்துவிட்டார். சமையலறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், ஒரு ரேடியோ. அவ்வளவுதான் அவருடைய உலகம்.

நான் வந்த அடுத்த மாதமே ஊர் இழவு வீடானது. அக்டோபர் 16 இரவு, பாஸ்டனின் ரெட் சாக்ஸ் அணிக்கும் யாங்கீஸுக்கும் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். 11-ஆவது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரன் பூன் ஒரே அடியில் ஆட்டத்தை முடித்துவிட்டார். மறுநாள் ரயிலில் யாரும் வாய் திறக்கவில்லை. இனி ஏப்ரலில்தான் பேஸ்பால் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரரோ, இனிமேல்தான் ஆரம்பம் என்றார்.

ஆட்டம் இல்லாத மாதங்களுக்கு ‘ஹாட் ஸ்டோவ்’ காலம் என்று பெயர். எந்த ஆட்டக்காரர் எந்த அணிக்குப் போகிறார், யாருடைய முழங்கால் தேறுகிறது என்று அந்தக் காலத்தில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசியதால் வந்த பெயர். நவம்பர் முதல் வாரத்தில் அவர் தன் பழைய தோல் கையுறையை எடுத்தார். துணியில் எண்ணெய் தொட்டு மடிப்பு மடிப்பாகத் துடைத்தார். நடுவில் ஒரு பந்தை வைத்து மூடி, ஷூ லேஸால் இறுக்கிக் கட்டி, ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தார். பிட்சர்கள் பயிற்சி முகாமுக்குப் போகும் பிப்ரவரி வரை அதை அவிழ்க்கக்கூடாது. கைக்கும் தோலுக்கும் ஓய்வு வேண்டும் என்றார்.

செய்தி அன்று காலையில் ஒருமுறைதான் வரும். பனியில் கிடக்கும் பேப்பரை எடுத்து, பிளாஸ்டிக் உறையைக் கைப்பிடிக் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டி உள்ளே கொண்டுவருவார். அதிலிருந்த ஒரு செய்தியை நாள் முழுக்கப் பேசுவோம். மறுநாள் காலைவரை யோசிக்க நேரம் இருந்தது.

அந்த டிசம்பரில் பெரிய செய்தி அலெக்ஸ் ரோட்ரிகஸ். 2000-இல் டெக்சாஸ் அணி அவருக்குப் பத்தாண்டுக்கு 25.2 கோடி டாலர் எழுதிக்கொடுத்திருந்தது. பாஸ்டனுக்கு வருவதற்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள அவரே சம்மதித்தார். ஆட்டக்காரர் சங்கம் ஒப்பவில்லை. ஏற்பாடு முறிந்தது. எனக்கு ஏமாற்றம். வீட்டுக்காரர், சங்கம் செய்ததுதான் சரி என்று ஒரே வார்த்தையில் முடித்தார். பிறகு கர்ட் ஃப்ளட்டின் கதையைச் சொன்னார். செயின்ட் லூயிஸில் 12 ஆண்டு ஆடியவரை 1969-இல் கேட்காமல் கொள்ளாமல் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். நான் விற்கிற பொருள் இல்லை என்று வழக்குப் போட்டார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஆட்ட வாழ்க்கையும் அத்தோடு போயிற்று. 1975-இல் ஒரு தொழில் தகராறு நடுவரின் தீர்ப்பால், விரும்பிய அணிக்குப் போகும் கதவு ஆட்டக்காரர்களுக்குத் திறந்தபோது, அதன் பலன் அவருக்குக் கிடைக்கவில்லை. ஒருவர் இறங்கிக் கொடுத்தால் நாளை எல்லாரையும் இறங்கச் சொல்வார்கள் என்று, கப்பல் தளத்தில் முப்பது ஆண்டு சங்கச் சந்தா கட்டிய அந்த மனிதர் எனக்குப் புரியவைத்தார்.

ஜனவரியில் இன்னொரு செய்தி. ஆரன் பூன் கூடைப்பந்து ஆடும்போது முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது. ஒப்பந்தப்படி அவர் கூடைப்பந்து ஆடக்கூடாது. என்றாலும் நடந்ததை மறைக்காமல் அணியிடம் சொன்னார். யாங்கீஸ் அவரை விடுவித்தது. சம்பளத்தில் பெரும்பகுதி போனது. அவருடைய காயத்தால் காலியான இடத்துக்குத்தான் பிப்ரவரியில் ரோட்ரிகஸைக் கொண்டுவந்தார்கள்.

பூனின் முழங்கால் போன செய்திக்கு அலுவலகத்தில் பலர் கைதட்டினார்கள். நானும் அதே உற்சாகத்தில் பேப்பரோடு கீழே இறங்கினேன். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. நம்மை அழவைத்தவன்தான், ஆனால் முழங்கால் யாருடையதானாலும் முழங்கால்தான் என்றார். பிறகு சட்டைக் கையை மடித்து, வலது கையை மேசைமேல் நீட்டினார். கை முழுதாக நீளவில்லை. முழங்கையில் ஒரு வளைவு அப்படியே நின்றது.

கப்பல் தளத்து அணியில் அவர் பிட்சர். ஒரு கோடையில் முழங்கைக்குள் ஏதோ ‘டப்’ என்றது. மருத்துவர் சுடுநீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். ‘டெட் ஆர்ம்’, செத்த கை என்பார்கள், அதோடு சரி. கை போனவர்கள் வீட்டுக்குப் போன காலம் அது. 1966-இல் 27 வெற்றி பெற்ற பிட்சர் சாண்டி கூஃபாக்ஸே முழங்கை மூட்டு வாதத்தால் 30 வயதில் ஓய்வை அறிவித்தார். அதுவும் ஒரு நவம்பர் மாதச் செய்திதான்.

1974 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், பிட்சர் டாமி ஜானின் வலது கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் கோத்துத் தைத்தார். 1975 முழுவதும் ஓய்வு. 1976-இல் திரும்பியவர் 1989 வரை வீசினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அந்த அறுவைக்குப் பிறகு வந்தவை. வீட்டுக்காரர் அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்வார். தன் கைக்குக் கிடைக்காதது இன்னொரு கைக்குக் கிடைத்ததே என்ற நிறைவு அவர் குரலில் இருக்கும்.

2004 அக்டோபரில் ரெட் சாக்ஸ் 86 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையை வென்றது. வளைந்த கையால் என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். கையுறை என்னிடம் வந்தது.

இன்று செய்திக்கு விடிய வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 8 அன்று ஆட்டக்காரர் ஷோஹெய் ஒட்டானி டொராண்டோ அணியில் சேரப் பறக்கிறார் என்று ஒரு புரளி. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு தனி விமானத்தைக் கைபேசியில் பின்தொடர்ந்தார்கள். நானும் என் மகனும் அதில் இருந்தோம். விமானத்தில் ஒட்டானி இல்லை. மறுநாள் டாட்ஜர்ஸுக்குப் போவதாக அவரே அறிவித்தார்: பத்தாண்டுக்கு 70 கோடி டாலர். முழங்கையில் இரண்டாவது அறுவை முடிந்து மூன்று மாதம்கூட ஆகாத மனிதர் அவர். டாக்டர் ஜோப் திறந்துவைத்த வழி இல்லாவிட்டால் அந்தக் கையை நம்பி யாரும் காசோலை எழுதியிருக்க மாட்டார்கள்.

உடலைப் பற்றிய தீர்ப்பும் இன்று மணிக்கணக்கில் மாறுகிறது. 2022 டிசம்பரில் கார்லோஸ் கொரேயாவுக்கு சான் ஃபிரான்சிஸ்கோ 35 கோடி பேசியது. மருத்துவப் பரிசோதனையில் அவருடைய பழைய கால் காயம் இடித்தது. உடனே மெட்ஸ் 31.5 கோடி என்றது. அதுவும் தேயவே, கடைசியில் மினசோட்டா 20 கோடிக்கு எடுத்தது. 2014-இல் முறிந்து தகடு வைத்த காலை ஒரு மாதம் நாடே விலை பேசியது.

எனக்குப் பாடம் கற்றுக்கொடுத்தவர் கிறிஸ் சேல். 2018 கோப்பையின் கடைசிப் பந்தை எங்களுக்காக வீசியவர். பிறகு டாமி ஜான் அறுவை, விலா எலும்பு முறிவு, விரல் முறிவு, சைக்கிளில் விழுந்து மணிக்கட்டு முறிவு. 2023 டிசம்பர் 30 அன்று பாஸ்டன் அவரை அட்லாண்டாவுக்கு மாற்றியது. நல்லதாயிற்று என்று நானே சொன்னேன். 2024-இல் அவர் 18 வெற்றி, 225 ஸ்டிரைக்அவுட் எடுத்து, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். கையுறை தந்தவர் இருந்திருந்தால் ஒரு குளிர்காலம் பொறு என்றிருப்பார்.

அதே 2024 இலையுதிர் காலத்தில் என் மகன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். வயது 14. ஊரில் ஒரு பயிற்சி மையத்தில் வருடம் முழுவதும் வீசச் செய்தார்கள். ஒவ்வொரு பந்துக்கும் சுவரில் வேகம் சிவப்பு எழுத்தில் எரியும். அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுப் பணம் கட்டியவன் நான். கிழிசல் இல்லை, ஆனால் வளரும் எலும்பு அழற்சி கண்டிருக்கிறது, மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது என்றார் மருத்துவர். “அப்பா, டாமி ஜான் பண்ணிக்கிட்டா இன்னும் வேகமா வீசலாம்னு ஃபிரெண்ட்ஸ் சொல்றாங்க” என்றான். அடிவயிறு கலங்கியது.

அந்த டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம் பிட்சர்களின் காயங்கள் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. எப்போதும் உச்ச வேகத்தில், உச்ச முயற்சியில் வீசுவதே முக்கியக் காரணம் என்றது. குளிர்காலப் பயிற்சி முறையையும் சுட்டியது. ஒரு காலத்தில் பிட்ஸ்பர்க் அணியின் ரிச்சி ஹெப்னர், இதே மாசசூசெட்ஸில், குளிர்காலத்தில் தந்தையோடு கல்லறைக் குழி வெட்டினார். இன்னொரு ஆட்டக்காரர் யோகி பெரா நியூவர்க்கில் துணிக்கடையில் நின்றார். சம்பளம் போதாத வறுமை அது. அந்தக் காலம் திரும்ப வேண்டியதில்லை. ஃப்ளட் போன்றவர்கள் இழந்ததால் வந்தது இன்றைய பணம்; ஆட்டக்காரர்களுக்கு முழுதாகச் சேரட்டும். ஆனால் பந்தில்லாத அந்த மூன்று மாதம் கைக்கு மருந்தாக இருந்தது. அதை ஏழை, பணக்காரர், சிறுவர் என்று எல்லாருமாகத் தொலைத்துவிட்டோம்.

அந்த அறிக்கை வந்த இரவு நான் கையுறையை எடுத்துவந்தேன். எண்ணெய்த் துணியை மகனிடம் கொடுத்தேன். இடது கையால் மெதுவாகத் துடைத்தான். பந்தை நடுவில் வைத்து மூடினேன்; தன் ஷூ லேஸை அவனே உருவிக் கொடுத்தான். இறுக்கிக் கட்டி ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தோம்.

“எப்போ அவிழ்க்கலாம்ப்பா?”

“பிப்ரவரியில்” என்றேன்.