எத்தனை கிலோ வீடு?

போடியில் வீடு வாங்க நினைப்பவர் வங்கிக்குப் போவதற்கு முன், பத்திர எழுத்தரைப் பார்ப்பதற்கும் முன், ஒருவரிடம் போய் நிற்க வேண்டும். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் போகாவிட்டால் அவரே தேடி வந்துவிடுவார். தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். நம் வசதிக்குக் ‘கணக்கு மாமா’ என்று வைத்துக்கொள்வோம்.

கணக்கு மாமாவுக்கு ரூபாயில் நம்பிக்கை கிடையாது. அதன் மதிப்பு ஆடிக்கொண்டே இருக்கிறதாம். ஆகவே எதையும் ஏலக்காயில்தான் அளப்பார். ஏலக்காய் அதைவிடப் பேயாட்டம் ஆடும் என்று அவரிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை. ஏலக்காய் ஊரில் பிறந்து, நாற்பது வருடம் காய்க்கடையில் சாம்பிள் பொட்டலம் மடித்தவரிடம் போய் இதை யார் சொல்வது?

“மாமா, முப்பது லட்சத்துக்கு ஒரு வீடு வந்திருக்கு.”

“இன்னைக்கு ஏலத்துல காய் சராசரி என்னடா? சரி, ரெண்டாயிரத்தி ஐந்நூறுனு வையி. வீடு 1,200 கிலோ. முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் ரெண்டு, ஆக ஒன்பது சதம். அதுக்கு 108 கிலோ. ரெண்டு மூட்டைக் காயைக் கொண்டுபோய்ப் பதிவு ஆபீஸ்ல தட்டிட்டு வர்ற. கடன் எவ்வளவு?”

“இருபது லட்சம், இருபது வருஷம். எட்டரை வட்டி.”

தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழிப்பார். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் மாமாவின் கணக்கு. காதில் செருகிய பேனாவை உதறிவிட்டு எழுதுவார். “மாசம் 17,356. ஏழு கிலோ காய். ஏழு கிலோ உலர்ந்த காய்க்கு முப்பத்தஞ்சு கிலோ பச்சைக்காய் பறிக்கணும். மாசாமாசம் பறிப்பியா?” வந்தவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். அவர் வாழ்நாளில் ஒரு காயும் பறித்ததில்லை. ஆனாலும் அந்த முப்பத்தைந்து கிலோவும் தலையில் ஏறிய மாதிரி கழுத்தைத் தடவிக்கொண்டு திரும்பிப் போவார்.

கணக்கு எழுதிய தாள்கள் எல்லாம் ஒரு கம்பியில் குத்திக் கிடக்கின்றன. அதில் 2019 ஆகஸ்ட் தாள் மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள். 2018 கேரள வெள்ளத்தில் ஏலச்செடி அழுகியது, அடுத்த கோடையில் எஞ்சியதும் காய்ந்தது. அந்த ஆகஸ்டில் கேரளத்துப் புத்தடி ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. “முப்பது லட்சம் வீடு அன்னைக்கு வெறும் 428 கிலோ!” என்பார், கண் கலங்க. அன்று அவர் கையில் ஒரு கிலோவும் இல்லை. வீட்டுக்காரரும் அன்று ஏலம் பார்த்துவிட்டு விலையை ஏற்றிச் சொன்னார் என்பது தாளில் இல்லாத தகவல். 2022இல் சராசரி ஆயிரத்துக்குக் கீழே விழுந்தது. அதே வீடு 3,000 கிலோவைத் தாண்டிப் போய்விட்டது. மாமா கண்டறிந்த விதி இதுதான்: காய் ஏறினா மனை ஏறும், காய் இறங்கினா மனை இறங்காது. பொருளாதாரம் படித்தவர்கள் இதைப் பத்துப் பக்கத்தில் எழுதுவார்கள்.

2023 ஜூனில் சென்னை ரயில் போடிக்கு வந்தபோது ஊரே மாலை போட்டு வரவேற்றது. மாமாவுக்கு மட்டும் வயிற்றெரிச்சல். “1928லயே இங்க ரயில் ஓடிச்சு. அதுக்கு எவனும் சென்டுக்கு ரேட்டு ஏத்தல. பன்னெண்டு வருஷம் நிறுத்திவச்சுட்டுத் திரும்ப விட்டா மட்டும் மனைக்காரன் கை நீட்டுறான்.”

அவரது கீர்த்திக்குச் சோதனையாக வந்தது சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகனின் போன் அழைப்பு. மாதம் ஏழாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம். அங்கே வீடு வாங்கலாமா என்று கேட்டான். மாமா துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார்.

வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு, நாலறை, ஆறு லட்சம் வெள்ளி. வெள்ளி அறுபத்தைந்து ரூபாய் என்று வைத்தால் 3.9 கோடி. 15,600 கிலோ! லாரி கணக்கில் பேச வேண்டிய காய். “அதுவும் இப்ப என்னால வாங்க முடியாது மாமா. நிரந்தரவாசி ஆகணும், ஆகி மூணு வருஷம் போகணும். அப்பவும் பழைய வீடுதான். தவணை சம்பளத்துல முப்பது சதத்துக்கு மேல போகக் கூடாது.”

“அப்ப தனியார் வீடு பாரு.”

“வெளிநாட்டுக்காரங்களுக்குக் கூடுதல் முத்திரை வரி. 2023லேருந்து அறுபது சதம்.”

மாமா போனைக் காதிலிருந்து எடுத்து, பார்த்து, மறுபடி வைத்தார். “நூறு ரூபாய்க்குக் காய் எடுத்தா அறுபது ரூபாய் வரியா? நம்ம பதிவு ஆபீஸ் தங்கமடா!”

“வீவக வீடும் நமக்கே நமக்குன்னு இல்ல மாமா. 99 வருஷக் குத்தகை.”

இந்த இடத்தில்தான் மாமா நிமிர்ந்தார். ஏனென்றால் அவரே இருப்பது ஒத்தி வீட்டில். மொத்தப் பணம் கொடுத்து, வாடகையில்லாமல் இருந்து, காலி செய்யும்போது பணத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. “முடிவுல பணம் திரும்ப வருமா?” வராது என்றான். “அப்ப அவன் ஒத்தியவிட நம்ம ஒத்தி மேல்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தேநீர் கேட்டார்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. “மேல் ஒத்தியில மூலை ஒழுகுது. அதுக்கு எத்தனை கிலோ?”

“அரைக் கிலோ போதும். காய் கொஞ்சம் ஏறட்டும்.”

விடியலில் ஜீப்பில் போடிமெட்டு ஏறிக் கேரளத் தோட்டங்களுக்குக் காய் பறிக்கப் போகிற பெண்கள் மாமா வீட்டைக் கடந்துதான் போவார்கள். அவர்களில் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி, அரசின் கனவு இல்லத் திட்டத்தின் மூன்றரை லட்சத்தோடு, நகையை அடகு வைத்து, சீட்டை ஏலத்தில் எடுத்து, பூச்சு பாதி மிச்சமிருக்கக் குடியே போய்விட்டாள். மாமா தாளும் பேனாவுமாக அவளை வழிமறித்தார். “எப்படிம்மா கட்டுபடியாச்சு?”

“உங்ககிட்டக் கேட்டிருந்தா கட்டியிருப்பேனாண்ணே?” என்று ஜீப்பில் ஏறிக்கொண்டாள். அந்தத் தாளும் கம்பியில் இருக்கிறது, வெறுமையாக.

நீங்களும் போடிப் பக்கம் மனை பார்க்க வந்தால் மாமாவைப் பார்க்காமல் போக முடியாது. காலையில் மட்டும் போகாதீர்கள். அன்றைய ஏலம் முடிந்து சராசரி வரும்வரை அவருக்கு எந்த வீட்டின் விலையும் தெரியாது. காலண்டர் தாளும் நீங்களே கொண்டுபோவது நல்லது. அவர் வீட்டுக் காலண்டர் இப்போதே அடுத்த மாதத்தில் இருக்கிறது.