எந்தத் துறையின் தண்ணீர்?

சென்னையில் பெய்கிற மழைக்கு எந்த வங்கியில் கணக்கு என்பது, அது விழுகிற இடத்தைப் பொறுத்தது. அடையாறு, கூவம் வடிநிலம் என்றால் உலக வங்கி. வடக்கே கொசஸ்தலையாற்றுப் பக்கம் ஆசிய வளர்ச்சி வங்கி, மழைநீர் வடிகால் கட்ட 2021இல் 25.1 கோடி டாலர் கடன். தெற்கே கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி. இந்த விவரம் மேகத்துக்குத்தான் எட்டவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மூன்று கணக்கிலும் சேர்த்துக் கொட்டிவிட்டுப் போனது.

கடன் வாங்கும்போது வடிநிலம் வடிநிலமாகப் பிரிக்கத் தெரிகிறது. தண்ணீரை அனுப்பும்போது மட்டும் ஊர் துண்டு துண்டாகிவிடுகிறது. தெருவோர வடிகால் மாநகராட்சியுடையது. பெரிய சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை. மே மாத வெயிலிலும் மழைநீர் வடிகாலில் கறுப்பாக ஒன்று ஓடுகிறதே, அதைப் பற்றிக் கேட்டால் குடிநீர் வாரியத்துக்குக் கை காட்டுவார்கள். ஆறும் பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத்துறை. கால்வாய்க்குள் கால் ஊன்றி நிற்பது பறக்கும் ரயில். பள்ளிக்கரணைச் சதுப்பில் பறவை நிற்கும் பகுதி வனத்துறைக்கு, குப்பை நிற்கும் பகுதி மாநகராட்சிக்கு. தாம்பரம் வடிக்கும் தண்ணீரும் அடையாற்றில் இறங்கிச் சென்னை வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. ஆனால் தாம்பரம் தனி மாநகராட்சி, தனி பட்ஜெட். வெள்ளம் மட்டும் பொது.

புதிதாகக் கட்டிய வடிகால் ஒன்றின் பக்கத்தில் குந்திப் பாருங்கள். தண்ணீர் இறங்க விட்ட ஓட்டை உள்ளங்கை அகலம். அது சாலைக்கு நாலு விரற்கடை மேலே இருக்கும். தெருத் தண்ணீர் வடிய வேண்டுமானால் முதலில் படியேற வேண்டும். ஏறினாலும், கொத்தனார் கழுவி ஊற்றிய சிமெண்ட் பால் உள்ளே இறுகிக் கிடக்கும். அதில் ஒரு பால் பாக்கெட் நிரந்தரமாகப் பதிந்திருக்கும். இதைக் கட்டத்தான் ஊரையே தோண்டிப் போட்டார்கள். 2022இல் அப்படி ஒரு பள்ளத்தில் விழுந்து ஓர் இளைஞர் செத்தார். பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு வைக்க எந்த வங்கியிடம் கடன் கேட்க வேண்டும்?

கட்டுவதற்கு டாலர் வரும். தூர் வாருவதற்கு வராது. அதில் திறப்பு விழா இல்லை, கல்வெட்டும் இல்லை. செப்டம்பரில் அள்ளும் சேற்றை வடிகால் ஓரத்திலேயே குவித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் மழை அதைப் பத்திரமாக உள்ளே திருப்பி வைக்கிறது. அடுத்த டெண்டருக்குச் சரக்கு தயார். 2021இல் சென்னை வெள்ளத்தைத் தடுக்க வழி சொல்ல ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு போட்டார்கள், 2023இல் அறிக்கையும் வந்தது. அந்தக் காகிதம் நனையாத இடத்தில் இருக்கிறது என்பதுதான் நமக்கு ஆறுதல்.

மிக்ஜாமுக்குப் பிறகு குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். ஊறிய மெத்தை, செத்த பிரிட்ஜ், முழுகிய பைக் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? டோக்கன், ரேஷன் கடை, வரிசை, பணம் எல்லாம் இரண்டே வாரத்தில் தயார். அதற்காக எந்தத் துறையும் இன்னொரு துறைக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.