ஹஸ்கி மாமா

அறுபதைக் கடந்து, உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பிவிட்ட கனவான்களுக்குத் திண்ணைப் பேச்சு, கோஷ்டி, சங்கீத சபை, சர்க்கரை வியாதி என்று நான்கு ஆசிரமங்களையே முன்னோர் விதித்திருந்தார்கள். இந்த நான்கிலும் மனம் ஒட்டாமல் ஐந்தாவதாக ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்ட ஒரு பிரிவினர் அண்மைக் காலமாகத் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் தென்படுகிறார்கள். யாரோ ஆசைக்கு வாங்கி, அலுத்துப்போய்க் காப்பகத்தில் தள்ளிவிட்ட சீமை நாயைப் பொறுப்பேற்று அழைத்துவந்து, மீதமுள்ள ஆயுளை அதற்கு வக்காலத்து வாங்குவதில் கழிப்பவர்கள் இவர்கள். இவர்களுள் சிரேஷ்டர் ஹஸ்கி மாமா.

ஹஸ்கி மாமாக்கள் பெரும்பாலும் பாய்லர் தொழிற்சாலையிலோ பொன்மலை ரயில்வே பணிமனையிலோ அதிகாரம் செலுத்தி ஓய்ந்தவர்கள். வடக்குச் சித்திரை வீதியில் இருக்கும் நம் மாமா பொன்மலைக்காரர்; கீழே வேலை பார்த்தவர்கள் ஒருவரும் அவருடைய பல்வரிசையைத் தரிசித்ததில்லை என்று கேள்வி. அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாய்க்கு வயது நான்கு. காப்பகத்தில் ஸ்னோவாக இருந்தது, மாமியின் வாயில் சீனுவாகிவிட்டது. கூச்ச சுபாவம், ஆனால் விளையாட்டுப் புத்தி என்று காப்பகத்தார் சொல்லி அனுப்பியதில், முன்பாதி உடனே நிரூபணமாயிற்று. சீனு நேரே போய்த் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் புகுந்துகொண்டு, மூக்கு நுனியை மட்டும் உலகத்துக்குக் காட்டியது.

வடகிழக்குச் சைபீரியாவின் சுக்சி மக்கள் சறுக்குவண்டி இழுப்பதற்காக வளர்த்த ஜாதி ஹஸ்கி. 1925இல் அலாஸ்காவின் நோம் நகரத்தில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பனிப்பாதையில் இருபது வண்டிக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி மருந்து கொண்டுசேர்த்ததையும், அந்த நாய்களில் ஒன்றான பால்டோவுக்கு நியூயார்க்கில் சிலை நிற்பதையும், டோகோ என்ற இன்னொரு நாய் அதைவிட நெடுந்தூரம் ஓடியும் புகழ் பால்டோவுக்கே போய்விட்ட அநியாயத்தையும் வருகிறவர்களுக்கெல்லாம் மாமா விஸ்தாரமாக எடுத்துரைப்பார். அந்த வீர பரம்பரையின் வாரிசு அவ்வமயம், வீதியில் போகும் கீரைக்காரரின் ஒலிபெருக்கிக்கு நடுங்கி, மாமியின் புடவைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கும்.

கூச்சம் தெளிந்த விதம் சொல்லத் தக்கது. மாமா தினமும் பின்கட்டில் தரையில் அமர்ந்து, பக்கத்தில் ஒரு கவளம் தயிர்சாதத்தை வைத்துவிட்டு, நாய் என்று ஒன்று இருப்பதாகவே அறியாதவர்போல் செய்தித்தாளை விரித்துக்கொள்வார். பக்கம் புரளும் சலசலப்பில் கவளம் மறையும். மாமா தலையை நிமிர்த்தமாட்டார். சில வாரம் இப்படி நடந்தபின் ஓர் இரவு, கொடியில் கிடந்த அங்கவஸ்திரத்தைக் காணோம். முற்றத்தில் முன்கால்களைத் தரையோடு நீட்டி, பின்பாகத்தைத் தூக்கி, வாயில் சரிகைக் கரையோடு சீனு காத்திருந்தது. மாமா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துரத்தினார், அது துளசி மாடத்தைச் சுற்றியது, இவரும் சுற்றினார். பொன்மலை காணாத அந்தப் பல்வரிசையை அன்று எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் கண்டார்.

விடிவதற்கு முன்பும் இருட்டிய பின்பும் கொள்ளிடக் கரைக்கு உலாவல். வடம் பிடித்தவர்கள் தேரை இழுப்பது ஊர் வழக்கம்; இங்கே வடம் பிடித்தவரைத் தேர் இழுத்துச் செல்லும். காவலுக்கு நாய் உதவுமா என்று கேட்பவர்களிடம், ஹஸ்கி அந்நியரைக் குரைப்பதில்லை, திருடன் வந்தால் வாலாட்டி உள்ளே அழைத்துப்போகும் என்று மாமா பெருமையாகவே சொல்வார். குரைக்காதே தவிர ஊளையிடும். விடியற்காலையில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஸ்ரீரங்கத்தை நெருங்கி ஹாரன் கொடுத்தால் சீனு எதிர்க்குரல் கொடுக்கும். வண்டி தாமதமா இல்லையா என்பதைப் படுக்கையில் இருந்தபடியே மாமா தெரிந்துகொள்வார்.

ஆண்டுக்கு இருமுறை உள்மயிர் கொத்துக் கொத்தாய் உதிரும் பருவத்தில் ரசத்திலும் காபியிலும் சீனுவின் சாந்நித்தியம் உண்டு. சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டு மொட்டை அடித்துவிடலாமே என்பார் எதிர்வீட்டுக்காரர். அந்த இரட்டை மயிர்க்கட்டு வெயிலையும் தடுக்கும், சிரைக்கக்கூடாது என்று மாமா அரைமணி வியாக்கியானம் செய்வார். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் பிறந்த நாட்டில் சைபீரிய நாயை வரவழைப்பது வீண் டம்பம் என்பது என் கட்சி. மாமாவும் இதே கட்சி என்பதுதான் வேடிக்கை. நம் சீதோஷ்ணத்துக்கு ஒவ்வாதவை என்று ஹஸ்கி உள்ளிட்ட சில ஜாதிகளின் இனப்பெருக்கத்தைத் தடுக்க அரசு 2024இல் ஒரு கொள்கை வெளியிட்டுப் பிறகு நிறுத்திவைத்ததல்லவா? அதை நிறுத்திவைத்ததில் மாமாவுக்கு மனத்தாங்கல். "வந்துட்டவனை என்ன செய்யறது? அவனா டிக்கெட் வாங்கிண்டு வந்தான்?" என்பார்.

நாயை விட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்ற தர்மபுத்திரரை அவர் ஆரம்பத்தில் துணைக்கு அழைத்ததுண்டு. மாமி விடவில்லை. "அவர் இமயமலைக்குப் போறச்சே நாய் கூடப் போச்சு. நீங்க அக்னி நட்சத்திரத்துல வடக்குச் சித்திரை வீதிக்கு அழைச்சுண்டு வந்திருக்கேள்!"

இந்த ஒரு வாக்கியத்தால்தான் வீட்டுக்குக் குளிர்சாதனம் வந்தது. மூட்டுக்கு ஆகாது, மின்கட்டணம் கட்டுப்படியாகாது என்று முப்பது கோடைகள் மாமிக்கு மறுக்கப்பட்ட சாதனம், சீனு இரண்டு வேளை நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்ததும் மூன்றாம் நாள் சுவரில் ஏறிவிட்டது. மாமி அதைப் பற்றிக் கருத்து ஏதும் வெளியிடாமல், தன் படுக்கையை அந்த அறைக்கு மாற்றிக்கொண்டார்.

சித்திரைத் தேருக்கு உறவினர் கூட்டம் அந்த வீட்டில்தான் இறங்கும். சென்ற தேருக்கு வந்த மாமியின் தம்பி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அத்திம்பேர், அந்த ஏஸி ரூம்ல நான் படுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். மாமா பழைய உத்தியோகக் குரலில் பதில் சொன்னார்: "அங்கே ரெண்டு பெர்த்தும் கன்ஃபர்ம் ஆயிடுத்து. உனக்கு வேணும்னா ஆர்.ஏ.சி. தரேன், சீனு நகர்ந்து படுத்தான்னா பார்க்கலாம்."