பிளான் இல்லாத கோட்டையும் பென்ஷன் வாங்கும் மாமனாரும்

என் மாமனார் பொதுப்பணித்துறையில் செயற்பொறியாளராக ஓய்வுபெற்றவர். எஸ்டிமேட் இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தக் கூடாது என்பது அவர் கட்சி. டென்வரில் எங்கள் வீட்டுக்கு வந்த கையோடு சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மரமா? எல்லாமே மரமா மாப்பிள்ளை?" என்று துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார். இப்படிப்பட்டவரை பிஷப் கோட்டைக்குக் கூட்டிப்போவது என் மனைவியின் யோசனை.

டென்வரிலிருந்து தெற்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம். வெட் மவுன்டன்ஸ் மலைக்காட்டில், 165ஆம் எண் சாலையோரம், சுமார் 9,000 அடி உயரத்தில் அது நிற்கிறது. ஜிம் பிஷப் என்ற ஒரே ஆள் கட்டியது. 1959இல், பதினைந்து வயதில், புல் வெட்டியும் பேப்பர் போட்டும் சேர்த்த காசில் 450 டாலருக்கு இரண்டரை ஏக்கர் வாங்கினார். வயது போதாததால் பத்திரத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள். 1969இல் ஓர் அறை கொண்ட சின்னக் கல்வீடு கட்டத் தொடங்கினார். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கல் அடுக்கியதும், பார்த்தவர்கள் "என்னப்பா, கோட்டையா கட்டுறே?" என்று கிண்டலடித்தார்கள். கிண்டலுக்குச் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. இவர் "ஆமாம்" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு கல் சுமந்து, கலவை போட்டு, சாரம் கட்டி, குடும்பத் தொழிலான இரும்பு வேலையையும் சேர்த்து, 160 அடி வரை போய்விட்டார்.

மனிதரின் குணம் நாங்கள் போகுமுன்பே ஊரறிந்தது. சில நாள் வந்தவர்களை அன்போடு சுற்றிக் காட்டுவார். சில நாள் நின்ற இடத்திலிருந்தே அரசாங்கத்தையும் வரியையும் கிழித்துத் தோரணம் கட்டுவார். சுற்றியுள்ள தேசிய வனத்தில் கல் எடுத்தது பற்றி வனத்துறையோடு பழைய தகராறு வேறு. எந்த நாள் எந்த முகம் என்பது பஞ்சாங்கத்தில் இல்லை.

அதனால் காரிலேயே பாடம் நடத்தினேன். "மாமா, நீங்க கவர்ன்மென்ட்ல இருந்ததை மட்டும் அங்கே சொல்லிடாதீங்க."

"பென்ஷனர்னு சொல்லலாமா?"

"அதுவும் கவர்ன்மென்ட் பணம்தானே மாமா."

போனபோது சாலையோரம் கார்கள் வரிசையாக நின்றன. எல்லோருடைய கண்ணும் கோபுரத்தை விட்டுவிட்டு ஆளைத்தான் தேடியது. அன்று அவர் இல்லை. எனக்கு நிம்மதி. மாமனாருக்கு முகம் வாடிவிட்டது. கேட்பதற்கு நிறையக் கேள்விகள் வைத்திருந்தார் போல.

நுழைவுக்கு டிக்கெட் கிடையாது. உன் உயிருக்கு நீதான் பொறுப்பு என்ற பொருளில் ஒரு வாசகம், கையெழுத்துப் போட ஒரு நோட்டு, ஓர் உண்டியல். மாமனார் எச்சரிக்கையை முழுதாக, டெண்டர் நிபந்தனை படிக்கிற சிரத்தையோடு படித்தார். "இவ்வளவு சின்ன ஒப்பந்தத்தை நான் பார்த்ததே இல்லை" என்று கையெழுத்துப் போட்டார்.

உள்ளே சுழல்படி. ஒருவர் ஏற, ஒருவர் இறங்க, இடையில் மூச்சு விட இடமில்லை. ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம். "ரைசர் ஒரே அளவா இருக்கணும்" என்று மாமனார் ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை சொன்னார். மேலே போனால் கல் முடிந்து இரும்பு ஆரம்பிக்கிறது. வெளிப்புற நடைபாதை முழுக்க கம்பிவலை. காலுக்கடியில் மரங்களின் உச்சி தெரிகிறது. கைப்பிடி சில இடத்தில் முழங்காலுக்குச் சமீபம்.

அங்கே நின்றுகொண்டுதான் மாமனார் என்னிடம் கார்ச் சாவியைக் கேட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு நூலை எடுத்து, சாவியைக் கட்டி, சுவரோரமாக மெல்ல இறக்கினார். தூக்குக்குண்டு! டென்வருக்குத் திரும்ப வேண்டிய ஒரே சாவி அந்தரத்தில் தொங்குகிறது. காற்றில் ஆடுவது சாவியா கோபுரமா என்று தீர்மானிக்க முடியாமல் ஆராய்ச்சி கைவிடப்பட்டது. நான் உயிரோடு சாவியை வாங்கிக்கொண்டேன்.

கூட வந்த மாமியார் மேலே வரவில்லை. கீழே புளியோதரை டப்பாவோடு உட்கார்ந்துவிட்டார். ஒரே ஆள் கட்டியது என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "சாப்பாடு யாரு கொண்டுபோய்க் கொடுத்தா?" ஃபீபி என்று மனைவி ஒருவர் இருந்தார் என்று சொன்னேன். "அதானே" என்றார்.

கூரை முகட்டில் ஒரு டிராகன் தலை நீட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் சாப்பாடு சூடாக இருக்க வைக்கும் எஃகுத் தட்டுகள், வேண்டாமென்று கழித்தவை, அதன் செதில்களாயின. தொண்டையில் வெப்பக்காற்று பலூனின் பர்னர். ஏற்றினால் நெருப்பு கக்கும். மாமனாரைக் கவிழ்த்தது இதுதான். கண்டெம் செய்த சாமானை ஏலம் விடாமல் இப்படியும் தீர்க்கலாம் என்பது அவர் பணிக்காலத்தில் தோன்றாத வழி.

திரும்பும்போது பெட்ரோல் ரசீதின் பின்பக்கத்தில் எஸ்டிமேட் போடத் தொடங்கினார். கல்லுக்குக் கணக்கில்லை, கூலிக் கட்டம் காலி, காண்ட்ராக்டர் லாபம் இல்லை. பியூப்லோ ஊர் தாண்டுமுன் பேனாவை மூடிவிட்டார். "நம்ம ஆபீஸ்ல இதுக்கு அப்ரூவலே கிடைச்சிருக்காது மாப்பிள்ளை. கிடைச்சிருந்தா, இன்னும் கடைக்கால் தோண்டிக்கிட்டிருப்பாங்க."

ஜிம் பிஷப் 2024 நவம்பரில், 80ஆம் வயதில் காலமானார். கோட்டைக்கு நுழைவுக் கட்டணம் வேண்டாம் என்பதில் கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். போகிறவர்கள் நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கோடையில் அந்த மலையில் பிற்பகலில் இடி இடிக்கும். மேலே இருப்பதெல்லாம் இரும்பு, மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். ஓய்வுபெற்ற பொறியாளர் யாரையாவது கூட்டிப்போனால், கார்ச் சாவியை மட்டும் நீங்களே வைத்திருங்கள்.