உகிர் கொய்தல்: கேமரன் மலைப் பிள்ளைகளின் நகங்கடிப்பு குறித்து ஓர் ஆய்வு

சங்கப் புலவர்கள் நகத்தை உகிர் என்றார்கள். புலியின் உகிரைப் பாடினார்கள், பறவையின் உகிரைப் பாடினார்கள். ஏழு வயதுப் பையனின் உகிர் மட்டும் ஏன் விரல் நுனியைத் தாண்டுவதே இல்லை என்பதை ஒருவரும் தொடவில்லை. அக்குறையைத் தீர்க்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வுக்களம், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு. ஆய்வுக்கு உட்பட்டோர் என் அக்காள் பிள்ளைகள் மூவர். ஆய்வாளருக்கு ஊதியம் தேநீர்.

ஜே.ஏ. ரசல் 1929இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலந்தொட்டு இம்மலையில் தமிழர் கைகள் நுனி கிள்ளி வந்திருக்கின்றன. பாட்டி இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளினாள். பேரன் பல்லால் கிள்ளுகிறான். ஆகவே இது பரம்பரைத் தொழில் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. செடிக்குக் கொழுந்துச் சுற்று ஏறக்குறைய மூன்று வாரம். பையனுக்கு மூன்று நிமிடம். விரல் நகமோ மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. இந்தக் கணக்கில் கொழுந்தெடுத்தால் எந்தத் துரையும் தண்டலை வேலையைவிட்டு நிறுத்தியிருப்பார்.

உண்மைக் காரணம் பஞ்சாங்கம். வெள்ளிக்கிழமை நகம் வெட்டினால் லட்சுமி போய்விடுவாள். செவ்வாயும் ஆகாது. விளக்கு வைத்த பிறகு கூடவே கூடாது. மற்ற வாரநாள்களில் பகலில் பிள்ளைக்குப் பள்ளி, அம்மாவுக்கு வேலை. சனி, ஞாயிறு வந்தால் கீழேயிருந்து சுற்றுலாக் கூட்டம் மலையேறிவிடும். வீட்டார் எல்லாரும் பிரிஞ்சாங்கில் காய்கறிக் கடையில் நிற்பார்கள். ஆக, நகம் வெட்ட மிஞ்சும் நேரம் பூஜ்யம். தப்பித்தவறி நேரம் வாய்த்தாலும் நகவெட்டி அகப்படாது. தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச்சில் தானா ராத்தாவில் நடக்கப் போனவர் இன்றுவரை திரும்பவில்லை. எங்கள் வீட்டு நகவெட்டிகளும் அதே வழியில் போயிருக்க வேண்டும். பல்லைத் தவிரப் பையனுக்கு வேறு கதி?

இனி மருந்து. விரல் நுனியில் வேப்பெண்ணெய் தடவுவது தொன்றுதொட்ட முறை. ஆனால் இது 1,500 மீட்டர் உயரத்து ஊர். தேங்காய் எண்ணெயே 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். வேப்பெண்ணெயும் காலைக் குளிரில் கெட்டித்துப் புட்டியைவிட்டு வர மறுக்கிறது. பாட்டி அதை அடுப்படியில் வைத்து இளக்குவதற்குள் பள்ளி வேன் வந்துவிடும். பாகற்சாறு இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் அவனுக்கு அது பிடித்துப்போய்விட்டது. மிளகாய்ச் சாந்து பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: வேண்டாம். விரல் வாய்க்கு மட்டும் போவதில்லை, கண்ணுக்கும் போகும்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் மறைக்கக் கூடாது. நியூசிலாந்தின் டனீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு ஒன்று 2016இல் வெளிவந்தது. விரல் சூப்பியோ நகம் கடித்தோ வளர்ந்தவர்களில், 13 வயதில் தோல் சோதனையில் ஒவ்வாமை காட்டியவர்கள் 38 விழுக்காடு. இரண்டுமே செய்யாதவர்களில் 49. ஆனால் ஆஸ்துமாவிலோ தூசித் தும்மலிலோ வேறுபாடு இல்லை. பழக்கத்தை ஊக்குவிக்கவும் அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை. இதை லயத்தில் எந்தப் பிள்ளையின் காதிலும் போட வேண்டாம். கேட்டால், கீரிப்பூச்சியைச் சொல்லுங்கள். அதன் முட்டை நகக்கண்ணில் ஒட்டி வாய்க்குள் போகிறது, இரவில் அரிப்பு, சொறிந்த விரல் மறுபடி வாய்க்கு. வீட்டிலுள்ள அத்தனை பேரும் மருந்து சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் சாப்பிட வேண்டியிருக்கும்.

இக்கட்டுரையின் மூலக் கோட்பாட்டுக்கு இப்போதுதான் வருகிறோம். கெட்ட பழக்கத்தை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று அறிவுரை சொன்னவர் தேயிலைத் தோட்டம் பார்த்தவரல்லர். நுனி மொட்டைக் கிள்ளினால் செடி அடங்காது. அந்நுனி அதுவரை அடக்கிவைத்திருந்த பக்க மொட்டுகள் எல்லாம் விழித்துக்கொள்ளும். விட்டால் மரமாகிவிடும் தேயிலை இடுப்பளவில் மேசைபோலப் பரந்து நிற்பது இதனால்தான். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுவே. “கைய எடுறா வாயிலேருந்து!” என்று நாளுக்கு நாற்பது முறை கிள்ளினோம். நகங்கடிப்பு நின்றது. ஸ்வெட்டர்க் கையின் ஓரத்தை மெல்வது துளிர்த்தது. உதட்டுத் தோலை உரிப்பது துளிர்த்தது. மூக்கு நோண்டுவது அமோகமாகத் துளிர்த்தது. ஒரு மாதத்தில் நகங்கடிப்பும் திரும்பி வந்தது. (காக்காய்க் குளியல் இக்கணக்கில் சேராது. இந்தக் குளிரில் அது பழக்கமன்று, பகுத்தறிவு.)

அஸ்ரின், நன் என்ற இருவர் 1973இல் வேறு வழி காட்டினார்கள்: கை வாய்க்குப் போகும் கணத்தைப் பிள்ளையே உணர வேண்டும், உணர்ந்ததும் அதே கைக்கு வேறு வேலை கிடைக்க வேண்டும். பாட்டி அவர்களைப் படித்ததில்லை. ஒரு மாலை, தொலைக்காட்சி முன்னால் விரலைக் கடித்துக்கொண்டிருந்தவன் மடியில் ஒரு கூடைத் தவ்கேயை (பயற்றுமுளை) வைத்து, “வால் கிள்ளிக் குடு, அய்யா” என்றாள். திட்டவில்லை. மறுநாள் நெத்திலிக்குத் தலை கிள்ளும் வேலை. அடுத்த நாள் மறுபடி தவ்கே. அவ்வாரம் வீட்டில் தவ்கே சாப்பிட்டுச் சலிக்காதவர் இல்லை.

மூன்றாம் வாரம் பையன் பத்து விரலையும் நீட்டிக் காட்டினான். ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளையாக ஒரு கீற்று. பாட்டிக்குப் பூரிப்பு. பரணைத் துழாவி, எந்தக் காலத்திலோ தொலைந்த நகவெட்டியைக்கூடக் கண்டெடுத்துவிட்டாள். அப்புறம்தான் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை.