கைச்சோப்பின் மேனிப் பழுதும் விலைக்குறைப்பும்: திருவேங்கடம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சோப்பைப் பற்றி வேதியியலார் எழுதிவிட்டார்கள், சட்டமும் எழுதிவிட்டது. "என்ன மதினி, சோப்பு மேலெல்லாம் சுண்ணாம்பு பூத்துக் கெடக்கு?" என்ற கேள்வியை மட்டும் எந்த அறிஞரும் கையிலெடுக்கவில்லை. அக்குறையை நீக்க இக்கட்டுரை முற்படுகிறது. ஆய்வெல்லை: சிவகாசி, சங்கரன்கோவில், கழுகுமலை மூன்றுக்கும் நடுவே கரிசலில் கிடக்கும் திருவேங்கடம். ஆய்வுமுறை: சோப்பு விற்கும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வாங்க வருகிறவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டல். கருதுகோள்: தள்ளுபடி என்பது பழுதைப் பொறுத்ததன்று, உறவைப் பொறுத்தது.

முதலில் அந்தச் சுண்ணாம்பு. அது சுண்ணாம்பே அல்ல. ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுதும் சோப்பாக ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். மேனிக்குக் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சட்டும் என்று கைச்சோப்புக்காரர்கள் அதிலும் குறைத்தே போடுவார்கள். மோல்டில் ஊற்றிய கலவை இறுகும் முன், மேற்பரப்பில் எண்ணெயோடு சேராமல் நிற்கும் காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சோடியம் கார்பனேட்டாகி வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. கடையில் சலவைச் சோடா என்று விற்பது இதைத்தான். உவர்மண் போட்டு வெளுத்தவர்கள் நம்பியிருந்ததும் இதைத்தான். ஆக, அழுக்குப் போக்கும் பொருளின் மேல் அழுக்குப் போக்கும் இன்னொரு பொருள் ஒட்டியிருக்கிறது என்பதே வாடிக்கையாளரின் புகார். முதல் சொம்புத் தண்ணீரில் அது கரைந்து போய்விடும். அதைக் காட்டிக் குறைத்த பத்து ரூபாய் மட்டும் திரும்பி வராது.

அடுத்தது நிறம். குப்பைமேனி அரைத்துப் போட்ட சோப்பு ஊற்றிய அன்று கிளிப்பச்சை. நாலு வாரம், ஆறு வாரம் தட்டில் அடுக்கிக் காயவிட்டால் பழுப்பேறிவிடும். இலைப்பச்சை காரத்துக்கும் வெளிச்சத்துக்கும் தாங்காது. "பழைய சரக்காளா?" என்ற கேள்வி அப்போது வரும். சிரியாவின் அலெப்போ நகரத்துச் சோப்பும் மாதக்கணக்கில் காய்ந்து, வெளியே பழுப்பும் உள்ளே பச்சையுமாகத்தான் இருக்கிறது. அந்தச் சோப்புத் தொழிலை 2024-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. பழுப்பு ஒன்றுதான், அங்கே மரபு, இங்கே பத்து ரூபாய் தள்ளுபடி.

ஆயத்தமாக விற்கும் சோப் பேஸை உருக்கி ஊற்றுகிறவர்களுக்கு ஐப்பசியில் வேறு தொல்லை. அதிலுள்ள கிளிசரின் ஈரக்காற்றை இழுத்து, சோப்பு வேர்த்து நிற்கும். துடைத்துப் பிளாஸ்டிக் தாளில் சுற்றினால் தீர்ந்தது.

மெய்யான பழுதுகள் வேறு. ஆரஞ்சுப் புள்ளி விழுந்து சிக்கு வாடை அடித்தால் எண்ணெய் கெட்டுவருகிறது என்று பொருள். வெட்டும்போது குழிக்குள் நீர் நின்றால் அது எண்ணெயோடு சேராத காரமாக இருக்கலாம், தோலைப் பொசுக்கிவிடும். இந்த இரண்டுக்கும் தள்ளுபடி பேச்சே கிடையாது, விற்கவே கூடாது. வியப்பு என்னவென்றால், திண்ணைக்கு வந்த யாரும் வாசம் பிடித்துப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் கோணலாக வெட்டுப்பட்ட ஓரத்திலேயே நின்றது.

சட்டம் என்ன சொல்கிறது? 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டம் சோப்பை அழகுசாதனமாக முதலில் ஏற்கவே இல்லை. 1982-இல் வந்த திருத்தம்தான் அந்த விலக்கை எடுத்தது. இன்று வீட்டில் செய்து விற்கவும் உரிமம் வேண்டும். குளியல் சோப்புக்கான இந்தியத் தர நிர்ணயம் மொத்தக் கொழுப்புப் பொருள் 76, 70, 60 விழுக்காடு என்று மூன்று தரம் பிரிக்கிறது. கோணல் ஓரத்துக்கு நாலாம் தரம் எதுவும் இல்லை.

இனி உறவு. சித்தி முறை உள்ளவர் பழுதைக் காட்டுவதே இல்லை, காசும் காட்டுவதில்லை. மதினி பழுதைக் காட்டி இரண்டு கட்டி கேட்பார். டீச்சர் முழு விலை கொடுப்பார், ஆனால் காஸ்டிக் சோடா போட்டீர்களா என்று கேட்டு, ஆமாம் என்றால் வைத்துவிட்டுப் போய்விடுவார். காரமில்லாமல் சோப்பே இல்லை என்று அவருக்கு யார் சொல்வது? குற்றாலத்துக்குப் போகிற வெளியூர்க்காரர் அந்தக் கோணலுக்காகவே கூடக் கொடுத்து வாங்குவார், அருவியில் சோப்புப் போடத் தடை என்பது தெரியாமல்.

இத்தனைக்கும் இது தீப்பெட்டி வட்டாரம். பெட்டிக்குள் மருந்தில்லாத குச்சி ஒன்று கிடந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை உரசுவார்கள், கடைக்காரரிடம் யாரும் போய் நிற்பதில்லை. சங்கரன்கோவில் புற்றுமண்ணை அள்ளி மேனியில் பூசிக்கொள்கிறவர்களும் அதன் வடிவத்தைக் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

விற்கிற அக்கா இவ்வளவு கோட்பாடும் படிக்காமலே தீர்வு கண்டிருக்கிறார். கோணல் ஓரங்களையும் சீவிய துண்டுகளையும் ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கிறார். ஆவாரம்பூ மஞ்சள், குப்பைமேனிப் பழுப்பு, கற்றாழை வெள்ளை எல்லாவற்றையும் நனைத்துப் பிசைந்து உருண்டை பிடித்துக் காயவைக்கிறார். திண்ணையில் முதலில் விற்றுத் தீர்வது அதுதான். "டிசைன் சோப்பு மதினி, பத்து ரூவா கூட" என்கிறார். மதினியும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுப் போகிறார்.